பிளிண்ட் நகரத்துக் குடிதண்ணீர்

ஒரு நகரத்து ஜனங்களுக்கு வோட்டு இருந்தும் அந்த வோட்டினால் எவ்விதப் பயனும் இல்லாமற் செய்துவிட்டால், தங்கள் குறையை அவர்கள் எப்படி ருசுப்படுத்துவது? அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணத்திலுள்ள பிளிண்ட் நகரத்தார் சில வருஷங்களுக்கு முன் இந்நிலையில் இருந்தனர். குழாயில் வரும் தண்ணீர் கெட்டுவிட்டது என்று அவர்கள் முறையிட்டபோது, கெடவில்லை என்று சர்க்கார் கணக்குக் காட்டியது. கடைசியில் அந்தக் கணக்கைப் பொய்யாக்கியது தேர்தலுமல்ல, கோர்ட்டுமல்ல. ஊரார் தங்கள் கையாலேயே பாட்டிலில் பிடித்துக் கொடுத்த தண்ணீரும், அதை அளந்து பார்த்த சில ஆராய்ச்சியாளரின் உழைப்புமே. சுற்றுப்புற விஞ்ஞானம் என்றால் காட்டையும் கடலையும் பற்றிய படிப்பு என்று எண்ணுவோர் நம்மிடையே பலர் உண்டு. அடுக்களைக் குழாயும் அதன் எல்லைக்குட்பட்டதே என்பதை இவ்வரலாறு காட்டுவதால், இதைச் சற்று விரிவாகவே நமது வாசகர்களுக்குக் கூற விரும்புகிறோம்.

பிளிண்ட் சாதாரண ஊரல்ல. ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 1908-ம் வருஷம் அங்கேதான் பிறந்தது. 1960-ம் வருஷத்தில் அந்நகரின் ஜனத்தொகை ஏறத்தாழ இரண்டு லட்சம். பிறகு மோட்டார்த் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. வேலையும் வசதியும் உள்ளவர்கள் வெளியேறினர். 2014-ம் வருஷத்தில் எஞ்சியிருந்தவர் சுமார் ஒரு லட்சம் பேர். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஆப்பிரிக்க வம்சத்தினர். நூற்றுக்கு ஏறத்தாழ நாற்பது பேர் பரம ஏழைகள். இரண்டு லட்சம் பேருக்கென்று போட்ட குழாய்களின் பராமரிப்புச் செலவு ஒரு லட்சம் ஏழைகளின் தலையில் விழுந்தது. நகரசபையின் கஜானா காலியானதில் வியப்பில்லை.

கஜானா காலியான நகரங்களுக்கு மாகாண கவர்னர் ‘அவசரகால நிர்வாகி’ என்ற ஓர் உத்தியோகஸ்தரை நியமிக்கலாம் என்பது மிச்சிகன் சட்டம். நம் நாட்டில் நகரசபையின் அதிகாரங்களைப் பறித்து ஸ்பெஷல் ஆபீஸரிடம் ஒப்படைப்பதை நாம் அறிவோம். சென்னை மாநகராட்சி 1973 முதல் 1996 வரையில் தேர்ந்தெடுக்கப்பட்ட சபையின்றியே நடத்தப்பட்டதை மறந்தவர் இரார். பிளிண்டில் மேயரும் அங்கத்தினரும் பெயருக்கு வீற்றிருந்தனர். கையெழுத்திடும் அதிகாரம் மட்டும் 2011 டிசம்பரிலிருந்து நிர்வாகியிடம் இருந்தது. இந்த ஏற்பாட்டுக்கு ஆதாரமான சட்டத்தை 2012 நவம்பரில் மாகாண ஜனங்கள் பொது வாக்கெடுப்பில் ரத்துச் செய்தனர். அடுத்த மாதமே சட்டசபை ஏறக்குறைய அதே சட்டத்தை வேறு எண்ணிட்டு மறுபடியும் நிறைவேற்றியது. செலவுக்குப் பணம் ஒதுக்கும் சட்டங்களை வாக்கெடுப்புக்கு விட முடியாது என்று அம்மாகாண அரசியல் சாஸனம் கூறுகிறது. ஆகவே, புதிய சட்டத்தில் ஒரு சிறு தொகையையும் ஒதுக்கிச் சேர்த்துவிட்டனர். வக்கீல் தொழிலில் பல தந்திரங்களைக் கண்ட நமக்கும் இதன் சாதுர்யம் சற்றுத் திகைப்பையே தருகிறது.

அந்நகரம் சுமார் ஐம்பது வருஷமாக டெட்ராய்ட் நகரத்திடமிருந்து ஹ்யூரன் ஏரித் தண்ணீரை விலைக்கு வாங்கி வந்தது. விலை அதிகம். ஏரியிலிருந்து புதிதாக வேறொரு குழாய் போடத் தீர்மானமாயிற்று. அது முடியும் வரையில் ஊரின் நடுவே ஓடும் பிளிண்ட் ஆற்றின் தண்ணீரையே சுத்தி செய்து கொடுப்பது என்றும், அதனால் லட்சக்கணக்கான டாலர் மிச்சப்படும் என்றும் முடிவு செய்தார்கள். 2014-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 25-ந் தேதி மேயர் ஒரு பொத்தானை அழுத்தினார். கூடியிருந்த அதிகாரிகள் ஆற்று நீரைக் கண்ணாடித் தம்ளர்களில் ஏந்தி வாழ்த்துக் கூறிக் குடித்தனர்.

அன்று செய்யத் தவறியது என்ன என்பதை அறிய இரஸாயன சாஸ்திரம் சிறிது தேவை. பழைய அமெரிக்க நகரங்களில் தெருவிலுள்ள பெருங்குழாயிலிருந்து வீட்டுக்குள் வரும் சிறு குழாய் பெரும்பாலும் காரீயத்தால் ஆனது. (ரசம் வைக்கும் ஈயச்சொம்பைப் பற்றி நமது வாசகர் அஞ்ச வேண்டியதில்லை, அது வெள்ளீயம். நாம் கூறுவது காரீயம்.) காரீயத்தின்மேல் ஓடும் தண்ணீர் அதைச் சிறிது சிறிதாக அரிக்கும். இதைத் தடுக்கத் தண்ணீரில் பாஸ்பேட் என்ற உப்பைக் கொஞ்சம் சேர்ப்பது வழக்கம். அது குழாயின் உட்புறத்தில் ஒரு பூச்சுப் போலப் படிந்து உலோகத்தையும் நீரையும் பிரித்து வைக்கிறது. டெட்ராய்ட் நகரத்தார் இதைச் சேர்த்தே அனுப்பி வந்தனர். ஆற்று நீரிலோ ஏரி நீரில் இருந்ததைப் போல ஏறத்தாழ எட்டு மடங்கு குளோரைடு இருந்தது. அது அரிப்பை விரைவுபடுத்துவது. அத்தகைய நீரில் பாஸ்பேட்டைச் சேர்க்காமலே விட்டுவிட்டார்கள். இத்தனை வருஷங்களாகப் படிந்திருந்த பூச்சு கரைந்து உதிரத் தொடங்கிற்று. இரும்புக் குழாய்கள் துருப்பிடித்தன. துரு தண்ணீரிலுள்ள குளோரினை உறிஞ்சியது. குளோரின் குறையவே கிருமிகள் பெருகின. கிருமிகளைக் கொல்ல மேலும் குளோரினைக் கொட்டவே, அது ஆற்று நீரிலுள்ள அழுக்குடன் சேர்ந்து வேறு கெடுதலான பொருள்களை உண்டாக்கிற்று. ஒரு தவறு மற்றொன்றைப் பெற்றது. இவற்றில் ஒன்றுகூட 2014-ல் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய விஷயமல்ல. அரிப்பைத் தடுக்க வேண்டும் என்று 1991-ம் வருஷத்திலேயே அமெரிக்க மத்திய சர்க்கார் விதி செய்திருந்தது. அறிவுக்குப் பஞ்சமில்லை. அறிந்தவர்கள் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருந்தார்கள் என்பதே கேள்வி; பிளிண்ட் ஜனங்களுக்கு அல்ல என்பது விரைவில் வெளியாயிற்று.

தண்ணீர் மஞ்சளாகவும் பழுப்பாகவும் வந்தது. நாற்றம் வீசியது. குளித்தவர்களுக்கு உடம்பில் தடிப்பு ஏற்பட்டது. 2014 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும், தண்ணீரில் கிருமிகள் இருப்பதால் காய்ச்சிக் குடிக்கும்படி சர்க்காரே எச்சரித்தது. அக்டோபரில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி, இந்தத் தண்ணீர் தன் தொழிற்சாலையில் எஞ்சின் பாகங்களைத் துருப்பிடிக்கச் செய்கிறது என்று கூறி, வேறு தண்ணீருக்கு மாறிக்கொள்ள அனுமதி பெற்றது. எஞ்சினுக்கு ஆகாத தண்ணீர் குழந்தைகளுக்கு ஆகும் என்று சர்க்கார் தொடர்ந்து சாதித்தது. 2015 ஜனவரியில் பிளிண்டிலுள்ள மாகாணக் காரியாலயக் கட்டடத்தில் உத்தியோகஸ்தர்களுக்கென்று தனியாகச் சுத்தமான குடிநீர் வைக்கப்பட்டது. அதே சமயத்தில் ஊராரிடம் தண்ணீர் நல்லதென்றே சொல்லப்பட்டு வந்தது.

அந்த வருஷம் மார்ச் மாதத்தில் நகரசபை கூடி, மீண்டும் டெட்ராய்ட் தண்ணீருக்கே திரும்ப வேண்டும் என்று ஏழு வோட்டுக்கு ஒரு வோட்டாகத் தீர்மானித்தது. அவசரகால நிர்வாகி அத்தீர்மானம் தமக்கு விளங்கவில்லை என்று கூறி ஒதுக்கிவிட்டார். ஏழு பேரைத் தேர்ந்தெடுத்தவர்கள் அந்தத் தண்ணீரைக் குடித்தவர்கள். நிர்வாகியைத் தேர்ந்தெடுத்தவர் கவர்னர். ஸ்தல சுயாட்சி என்ற சொல்லுக்கு அர்த்தம் என்ன என்று கேட்பவருக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் நம்மால் காட்ட முடியாது.

லீ ஆன் வால்டர்ஸ் என்ற மாது, நாலு குழந்தைகளின் தாய், 2015 பிப்ரவரியில் தமது வீட்டுக் குழாய்த் தண்ணீரை நகர இலாகாவைக் கொண்டு சோதிக்கச் செய்தார். காரீயத்துக்குச் சட்டம் வைத்திருந்த எல்லை, நூறு கோடிப் பங்குத் தண்ணீரில் 15 பங்கு. அவர் வீட்டில் இருந்தது 104. அடுத்த மாதம் சோதித்தபோது 397. அவர் விஞ்ஞானப் பட்டம் பெற்றவரல்லர். ஆனால் நகரத் தண்ணீரைப் பற்றிய இலாகா அறிக்கைகளையெல்லாம் வரவழைத்து உட்கார்ந்து படித்தார். அரிப்பைத் தடுக்கும் மருந்து எங்குமே குறிப்பிடப்படவில்லை என்பதை அவரே கண்டுபிடித்தார். மத்திய சர்க்காரின் சுற்றுப்புறப் பாதுகாப்பு இலாகாவில் மிகுவேல் டெல் டோரல் என்ற உத்தியோகஸ்தரிடம் அதைத் தெரிவித்தார். டெல் டோரல் மாகாண இலாகாவை விசாரித்தபோது, தடுப்பு முறை இருப்பதாக முதலில் பதில் வந்தது. ஏப்ரலில்தான் இல்லையென்று ஒப்புக்கொண்டார்கள். அவர் 2015 ஜூன் 24-ந் தேதி நிலைமையை விவரித்து ஒரு குறிப்பு எழுதினார். அது வெளியானபோது அவரது மேலதிகாரி ஜனங்களுக்கு எச்சரிக்கை விடுக்கவில்லை. முற்றுப்பெறாத குறிப்பு வெளியானதற்காக மேயரிடம் வருத்தம் தெரிவித்தார். மாகாண இலாகாவின் சார்பில் பேசியவரோ, காரீயத்தைப் பற்றிக் கவலைப்படுவோர் நிம்மதியாக இருக்கலாம் என்று ரேடியோவில் கூறினார்.

அவர்களுக்கு அந்த நிம்மதியைத் தந்த கணக்கு எப்படித் தயாரிக்கப்பட்டது என்பதை நமது வாசகர்கள் கூர்ந்து கவனிக்க வேண்டுகிறோம். குறுக்கு விசாரணை தெரிந்த எவருக்கும் இது ருசிக்கும். தண்ணீர் பிடிப்பதற்கு முந்திய இரவு, குழாயை ஐந்து நிமிஷம் திறந்து விட்டுப் பிறகு மூடும்படி வீட்டுக்காரர்களுக்குச் சொல்லப்பட்டது. தேங்கியிருந்த காரீயத் துகள்கள் அதனால் முன்னாடியே கழுவப்பட்டுப் போயின. பிடிப்பதற்குக் கொடுத்த பாட்டிலுக்கோ வாய் குறுகலாக இருந்தது. குறுகிய வாயில் நீரைச் சிந்தாமல் பிடிக்கக் குழாயை மெல்லத் திறக்க வேண்டும், மெல்ல ஓடும் நீர் துகள்களைப் பெயர்த்துக்கொண்டு வராது. காரீயக் குழாயுள்ள வீடுகளிலேயே பெரும்பாலும் சோதிக்க வேண்டும் என்பது விதி. பிளிண்டில் எந்த வீட்டில் எந்தக் குழாய் என்று இலாகாவுக்கே தெரியாது, ஆனால் விதிப்படியே செய்ததாகக் கையெழுத்திட்டார்கள். இத்தனைக்குப் பிறகும் 71 பாட்டில்களின் முடிவு எல்லையைத் தாண்டிவிட்டது. உடனே இரண்டு பாட்டில்களைத் தள்ளிவிடும்படி மாகாண இலாகா யோசனை கூறிற்று. தள்ளிய பிறகு 11 என்ற எண் வந்தது. 15-க்குக் கீழ், சட்டத்துக்கு உட்பட்டது! தள்ளப்பட்ட இரண்டில் ஒன்று வால்டர்ஸ் அம்மாளின் வீட்டுத் தண்ணீர். வீட்டில் வடிகட்டி இருந்ததால் அது கணக்கில் சேராதாம். வடிகட்டியையும் மீறி வந்த காரீயத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. வேண்டாத சாட்சியைக் கூண்டில் ஏற்றாமலே விட்டுவிடும் பிராசிக்யூஷனை நாம் கோர்ட்டில் கண்டதுண்டு. சோதனைச்சாலையிலும் அது நடக்கும் என்பதை இங்கே காண்கிறோம்.

டெல் டோரல் அந்த அம்மாளுக்கு மற்றொருவரின் பெயரைக் கூறினார். அவர் வர்ஜீனியா டெக் சர்வகலாசாலையில் நீர்க்குழாய்களைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் பேராசிரியர் மார்க் எட்வர்ட்ஸ். குழாய் அரிப்பைப் பற்றி அவரைவிட அதிகம் அறிந்தவர் அமெரிக்காவில் இருப்பது அபூர்வம். ஆனால் அறிவு மட்டும் அவரது தகுதியல்ல. 2000-ம் வருஷத்தில் தலைநகரான வாஷிங்டனில் குளோரினுக்குப் பதிலாகக் குளோரமின் என்ற மருந்தைத் தண்ணீரில் சேர்க்க ஆரம்பித்தபோது, ஆயிரக்கணக்கான வீடுகளில் காரீயம் கரைந்து வந்தது. 2004-ம் வருஷத்தில் விஷயம் பத்திரிகைகளில் வெளிவந்த பிறகு, மத்திய சர்க்காரின் நோய்த் தடுப்பு நிலையம் குழந்தைகளுக்குப் பெரிய தீங்கில்லை என்று ஓர் அறிக்கை விட்டது. அந்த அறிக்கைக்கு ஆதாரமான கணக்கு குறையுள்ளது என்று எட்வர்ட்ஸ் வருஷக் கணக்காகச் சொந்தப் பணத்தையும் செலவழித்துப் போராடினார். 2009-ல் அவரும் உடன் உழைத்தோரும் வெளியிட்ட ஆராய்ச்சி, குழந்தைகளின் இரத்தத்தில் காரீயம் மிகுந்திருந்ததைக் காட்டியது. மறு வருஷம் காங்கிரஸ் சபையின் விசாரணையும் அந்த நிலையத்தின் அறிக்கை முழு விவரங்களின்றி எழுதப்பட்டதென்று கண்டது. வாஷிங்டனில் அதற்குள் குழந்தைகள் வளர்ந்துவிட்டனர். ஆறு வருஷம் கழித்து ஜயிக்கும் உண்மை அந்தக் குழந்தைகளுக்கு உதவாது என்ற கசப்பு எட்வர்ட்ஸுக்கு இருந்தது. பிளிண்டில் அவர் தாமதிக்கவில்லை.

அவர் அனுப்பிய பாட்டில்களில் வால்டர்ஸ் அம்மாள் முப்பது முறை தண்ணீர் பிடித்து அனுப்பினார். அவற்றில் மிக அதிகமானதில் 13,200 பங்கு காரீயம் இருந்தது. 5,000-ஐத் தாண்டினால் அபாயகரமான கழிவு என்பது மத்திய சர்க்காரின் வரையறை. ஒரு வீடு மட்டும் இப்படியா, ஊரே இப்படியா என்று அறிய வேண்டும். 2015 ஆகஸ்டில் எட்வர்ட்ஸும் அவரது மாணவர்களும் முந்நூறு சோதனைப் பெட்டிகளைத் தயாரித்துப் பிளிண்டுக்கு அனுப்பினர். அவற்றை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்து, முறையை விளக்கி, திரும்ப வாங்கிச் சேர்த்தவர்கள் ஊராரே. இத்தகைய காரியங்களில் நூற்றுக்கு இருபது முப்பது திரும்பி வந்தாலே அதிகம் என்பார்கள். பிளிண்டிலிருந்து 270-க்கு மேற்பட்ட பெட்டிகள் சில வாரங்களுக்குள் திரும்பி வந்துவிட்டன! முடிவு என்ன? பத்தில் ஒரு வீட்டில் காரீயம் 25 பங்குக்கும் மேல். சர்க்கார் காட்டிய 11 எங்கே, இது எங்கே?

இந்த 270 பெட்டிகளை நாம் பெரிதாக மதிக்கிறோம். ஆராய்ச்சிக்காரர் ஊருக்குள் வந்து ஜனங்களை எண்ணி, அளந்து, புகைப்படம் எடுத்துக்கொண்டு போய்ப் புஸ்தகம் எழுதுவது எங்கும் உள்ள வழக்கம். ஜனங்களுக்கு அதனால் கிடைப்பது ஒன்றுமில்லை. இங்கே கேள்வியை எழுப்பியவர்கள் ஊரார். சாமானைச் சேகரித்தவர்களும் அவர்களே. முடிவு முதலில் போய்ச் சேர்ந்ததும் அவர்களிடமே. சர்வகலாசாலை கொடுத்தது அளவுகோலையும், அந்த அளவுகோலுக்குச் சபையில் உள்ள மரியாதையையும்.

மாகாண இலாகா அப்பொழுதும் அசையவில்லை. எட்வர்ட்ஸின் கூட்டத்தார் எங்கே போனாலும் காரீயத்தைக் கண்டுபிடிப்பவர்கள் என்று பரிகாசம் செய்தது. தண்ணீரில் காரீயம் இருந்தால் என்ன, குழந்தைகளின் இரத்தத்தில் உண்டா என்பதே அடுத்த வாதம். அதற்குப் பதில் கூறியவர் ஹர்லி ஆஸ்பத்திரியின் குழந்தை வைத்தியர் மோனா ஹன்னா-அட்டீஷா. இராக் தேசத்திலிருந்து வெளியேறிய பெற்றோருக்கு இங்கிலாந்தில் பிறந்து, மிச்சிகனில் வளர்ந்தவர். நீர் நிபுணரான அவரது பள்ளித் தோழி எலின் பெடான்ஸோ, 2015 ஆகஸ்டில் ஒரு நாள் விருந்தின்போது விஷயத்தைச் சொல்லி, உன் ஆஸ்பத்திரிக் கணக்கைப் பார் என்றார். சர்க்காரிடமுள்ள இரத்தச் சோதனைக் கணக்கை டாக்டர் கேட்டார், கிடைக்கவில்லை. தமது ஆஸ்பத்திரியின் பதிவேடுகளையே எடுத்துக்கொண்டார்.

கோடைகாலத்தில் குழந்தைகள் வெளியே மண்ணில் விளையாடுவதால் இரத்தத்தில் காரீயம் எப்போதும் சற்று ஏறும். மாகாணச் சுகாதார இலாகாவின் நிபுணர்களுக்கும் 2014-ம் வருஷக் கோடையில் ஓர் ஏற்றம் தென்பட்டிருந்தது. பருவகாலத்தின் விளைவு என்று அதை ஒதுக்கிவைத்தனர். டாக்டர் அவ்வாறு ஏமாறவில்லை. தண்ணீர் மாறுவதற்கு முன், 2013-ம் வருஷம் ஜனவரி முதல் செப்டம்பர் மத்தி வரையிலும், மாறிய பின் 2015-ம் வருஷம் அதே மாதங்களிலும் எடுத்த கணக்குகளை ஒப்பிட்டார். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் இரத்தத்தில் டெஸிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்குக் குறையாத காரீயம் உள்ளவர்கள் நூற்றுக்கு 2.4-லிருந்து 4.9 ஆகியிருந்தனர். தண்ணீர் மிகவும் கெட்ட வட்டாரங்களில் 4-லிருந்து 10.6. இரத்தத்தில் கலந்த காரீயம் சுமார் ஒரு மாதத்தில் பாதியாகக் குறைந்து எலும்பில் போய்த் தங்கிவிடும். ஆகவே, தாமதமாகச் சோதித்த குழந்தைகள் பலரின் கேடு இந்தக் கணக்கிலும் அகப்பட்டிராது. மூளை வளரும் பருவத்தில் இதற்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்பது வைத்திய சாஸ்திரத்தின் முடிவு.

விஞ்ஞான உலகின் சம்பிரதாயப்படி, இத்தகைய முடிவைப் பிற நிபுணர் பரிசீலித்துப் பத்திரிகையில் வெளியிட்ட பிறகே பேச வேண்டும். அதற்கு மாதக் கணக்காகும். அதற்குள் எத்தனை பால் புட்டிகள் கலக்கப்படும்? செப்டம்பர் 24-ந் தேதி டாக்டர் நிருபர்களைக் கூட்டி முடிவை வெளியிட்டார். மாகாண சர்க்கார் அவர் மீது பாய்ந்தது. கணக்கை வெட்டி ஒட்டியிருக்கிறார் என்றும், பீதியைக் கிளப்புகிறார் என்றும் உத்தியோகஸ்தர்கள் கூறினர்.  ஒரு வாரம் சென்றது. சர்க்கார் தன் சொந்தக் கணக்கையே திரும்பப் பார்த்து, டாக்டர் சொன்னது சரியென்று ஒப்புக்கொண்டது. சம்பிரதாயத்தை மீறியது தவறு என்று இன்றும் வாதிக்கும் பண்டிதர்கள் இருக்கலாம். அவர்களுடைய வீட்டுக் குழாயில் அந்தத் தண்ணீர் வரவில்லை.

சர்க்காரின் கணக்கில் முதலில் ஏன் ஒன்றும் தெரியவில்லை? இதை விளக்கியவர் பூகோள நிபுணர் ரிக் சாட்லர், பிளிண்டிலேயே வளர்ந்தவர். சர்க்கார் குழந்தைகளைத் தபால் வட்டார எண்ணைக் கொண்டு பிரித்திருந்தது. பிளிண்ட் என்று விலாசமிட்ட வீடுகளில் சுமார் மூன்றில் ஒன்று நகர எல்லைக்கு வெளியே உள்ளது. அங்கே ஆற்றுத் தண்ணீர் போகவேயில்லை. கெட்ட தண்ணீர் குடித்த குழந்தைகளுடன் நல்ல தண்ணீர் குடித்த குழந்தைகளையும் கூட்டிச் சராசரி எடுத்தால், கேடு கரைந்துதான் போகும். சாட்லர் ஒவ்வொரு குழந்தையின் வீட்டையும் படத்தில் குறித்துக் காட்டினார்.

2015 அக்டோபர் 16-ந் தேதி பிளிண்ட் மறுபடியும் டெட்ராய்ட் தண்ணீருக்குத் திரும்பியது. மறு ஜனவரியில் ஜனாதிபதி ஒபாமா அவசர நிலையைப் பிரகடனம் செய்தார். ஆற்று நீர் ஓடிய காலத்தில் லீஜியனேர் என்ற நுரையீரல் நோய் கண்டவர் தொண்ணூறு பேர் வரையில். மாண்டவர் பன்னிரண்டு பேர் என்பது சர்க்காரின் எண்ணிக்கை. கோர்ட்டுகளில் நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 62 கோடியே 60 லட்சம் டாலர் நஷ்டஈட்டு ராஜியை 2021-ல் கோர்ட்டு அங்கீகரித்தது. அதே வருஷம் முன்னாள் கவர்னர் உள்பட ஒன்பது பேர் மீது கிரிமினல் வழக்குத் தொடரப்பட்டது. ஒரே நீதிபதி தனியாக விசாரித்துக் குற்றம் சாட்டிய முறை செல்லாதென்று மாகாண சுப்ரீம் கோர்ட்டு 2022-ல் தீர்ப்பளிக்க, வழக்குகள் ஒவ்வொன்றாக விழுந்துவிட்டன. ஒருவர்கூடச் சிறை செல்லவில்லை.

குழாய்களை மாற்றும் வேலையில் விஞ்ஞானம் மறுபடியும் வந்தது. இங்கே கதை சற்று விசித்திரமானது. எந்த வீட்டுக்குக் காரீயக் குழாய் போகிறது என்பதற்கு நகரத்தில் இருந்த ஆதாரம் சுமார் 45,000 சிறு அட்டைகள். பல மங்கிய பென்சில் எழுத்து. பிளிண்டிலுள்ள சர்வகலாசாலைக் கிளையார் அவற்றைப் படமாக மாற்றினர். மிச்சிகன் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஜேக்கப் அபெர்னெத்தி, எரிக் ஷ்வார்ட்ஸ் ஆகியோர், வீட்டின் வயது, மதிப்பு, இடம், தண்ணீர்ச் சோதனை முதலிய விவரங்களைக் கம்ப்யூட்டரில் கொடுத்து, எங்கே தோண்டினால் காரீயம் அகப்படும் என்று ஊகிக்கும் முறை ஒன்றை அமைத்தனர். அதன்படி தோண்டிய 2017-ல் நூறு குழிகளில் ஏறத்தாழ எழுபதில் காரீயக் குழாய் கிடைத்தது. மறு வருஷம் புதிதாக வந்த ஒப்பந்தக்காரர் அம்முறையைக் கைவிட்டுத் தெருத் தெருவாகத் தோண்டினார். நூற்றுக்குப் பதினைந்துதான் கிடைத்தது. பணமும் காலமும் மண்ணில் போயின. கம்ப்யூட்டரை ஏன் கைவிட்டார்கள்? பக்கத்து வீட்டில் தோண்டிவிட்டு என் வீட்டை மட்டும் ஏன் விட்டீர்கள் என்று ஜனங்கள் கேட்டதே முக்கிய காரணம். நூற்றுக்கு எழுபது என்ற சாமர்த்தியத்தைக் கண்டு மயங்குவோர் அந்தக் கேள்வியை அறியாமை என்று தள்ளுவர். நாம் தள்ள மாட்டோம். ஒரு தடவை சர்க்காரின் எண்ணை நம்பி விஷத்தைக் குடித்தவன், இரண்டாம் தடவை கம்ப்யூட்டரின் எண்ணை நம்ப வேண்டுமென்று எப்படி வற்புறுத்துவது? ஆயினும் நஷ்டம் ஜனங்களுக்கே என்பதும் உண்மை. 2019-ல் கோர்ட்டு மூலம் ஏற்பட்ட உடன்படிக்கையில் அந்த முறை திரும்பவும் ஏற்கப்பட்டது.

எட்வர்ட்ஸும் ஊராரில் சிலரும் பிற்காலத்தில் ஒத்துப்போகவில்லை. 2016-ல் தண்ணீர் தேறிவிட்டது என்று அவர் அளந்து கூறியபோது, அதை ஏற்காதவர் பலர். 2018-ல் தம்மைக் குறைகூறிய மூவர் மீது அவர் மானநஷ்ட வழக்கே போட்டார். மறு வருஷம் கோர்ட்டு அதைத் தள்ளிவிட்டது. அளவு சரியாக இருந்திருக்கலாம். ஜனங்களுடன் நின்று பெற்ற செல்வாக்கை ஜனங்களின் மீதே வழக்காகத் திருப்பியது நமக்கு உவப்பாக இல்லை.

ஊர்ப் பாதிரிமார் சங்கமும் மற்றும் சிலரும் தொடுத்த வழக்கில் 2017-ல் ஏற்பட்ட ராஜியின்படி, காரீயக் குழாய்கள் யாவும் 2020 ஆரம்பத்துக்குள் மாற்றப்பட்டிருக்க வேண்டும். நகரம் தவணைக்கு மேல் தவணை தவறியது. 2024 மார்ச்சில் கோர்ட்டு அவமதிப்புக் குற்றத்துக்கும் உள்ளாயிற்று. ஏறத்தாழ 11,000 குழாய்கள் மாற்றப்பட்டு வேலை முடிந்ததென்று கோர்ட்டுக்கு அறிவிக்கப்பட்டது 2025 ஜூலையில்தான். அமெரிக்கா முழுவதிலும் காரீயக் குழாய்களைப் பத்து வருஷத்துக்குள் அகற்ற வேண்டும் என்றும், எல்லை 15 அல்ல, 10 என்றும் மத்திய சர்க்கார் 2024 அக்டோபரில் விதி செய்தது. அதற்கு முன்பே, 2021-ல் வெளியிட்ட விதிகளில், முந்திய இரவு குழாயைத் திறந்துவிடச் சொல்லக்கூடாது என்றும், சோதனைக்குக் கொடுக்கும் பாட்டிலின் வாய் அகலமாக இருக்க வேண்டும் என்றும் எழுதப்பட்டிருக்கிறது.